பெயரை மாற்றினால் மட்டும் போதுமா?

ஓர் இனத்தாரை மற்றவர்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பது அற்பமான விடயமன்று. அப்பெயரைச் சூட்டியவர் யார், அது எதற்காகப் பயன்படுத்தப்பட்டது என்ற வினாக்களுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு மறைந்திருக்கும். ஜேர்மன் மொழியிலுள்ள 'சிகொய்னர்' என்ற சொல் தொடர்பாக நீடித்து வரும் சர்ச்சை இதற்குத் தக்க உதாரணமாகும்.

ஆங்கிலத்தில் ஜிப்சிகள் எனவும் தமிழில் நாடோடிகள் எனவும் குறிப்பிடப்படும் ரோமா மக்களையே இச்சொல் சுட்டுகின்றது. அவர்களது மொழி இந்திய மொழிகளுடன் உறவுடையது என்பதை 1782 ஆம் ஆண்டில் ரூடிகர் என்ற ஜேர்மன் அறிஞர் எடுத்துக்காட்டினார். ஜேர்மனியில் 15 ஆம் நூற்றாண்டு முதல் வாழ்ந்து வரும் பிரிவினர் தம்மை சின்டி என்றே அழைத்துக் கொள்கின்றனர். சிகொய்னர் என்பது பிறர் அவர்களுக்கு இட்ட பெயராகும்.

பைசாந்தியப் பேரரசில் ஒரு மதப் பிரிவினருக்கு வழங்கிய 'அத்திங்கனோய்' என்ற கிரேக்கச் சொல்லே இதன் மூலம் என்பது மொழியியலாளர் பலரது கருத்தாகும். தீண்டாதவர், தீண்டத்தகாதவர் என்பது அதன் பொருள். அலைந்து திரியும் வஞ்சகன் எனப் பொருள்படும் ஜேர்மன் சொற்களிலிருந்து இது பிறந்ததாகக் கூறப்படுவது ஆதாரமற்ற கதை. ஆயினும், அக்கதை வெறுப்புக்குத் தீனி போட்டது.

1899 இல் மியூனிச் பொலிஸார் இம்மக்களைக் கண்காணிப்பதற்கெனத் தனிப் பிரிவொன்றை அமைத்தனர். 1905 இல் அவர்களது விபரங்கள் அடங்கிய நூலொன்று வெளியிடப்பட்டது. இவ்வாறு ஒரு சொல் குற்றப் பதிவேட்டின் தலைப்பாயிற்று. நாஸிகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது பட்டியல்கள் ஆயத்தமாகவே இருந்தன. 1942 டிசெம்பரில் ஹிம்லர் பிறப்பித்த உத்தரவின் பேரில் ஏறத்தாழ 23 ஆயிரம் பேர் அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களது கைகளில் அச்சொல்லின் முதலெழுத்தும் இலக்கமும் பச்சை குத்தப்பட்டன. 1944 ஓகஸ்ட் 2 ஆம் திகதி இரவு, அங்கு எஞ்சியிருந்த 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவினால் கொல்லப்பட்டனர்.

யுத்தத்தின் பின்னரும் நீதி கிட்டவில்லை. பவேரியாவில் 1953 இல் இயற்றப்பட்ட சட்டத்தில் சிகொய்னர் என்ற சொல் தவிர்க்கப்பட்டு, 'ஊர் சுற்றுவோர்' எனப் பொருள்படும் வேறொரு சொல் புகுத்தப்பட்டது. ஆனால், கண்காணிப்பு தொடர்ந்தது. அச்சட்டம் 1970 இலேயே நீக்கப்பட்டது. 1940 இல் இடம்பெற்ற நாடுகடத்தல் இன ரீதியான கொடுமையல்ல என 1956 இல் சமஷ்டி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் பலருக்கு நஷ்டஈடு மறுக்கப்பட்டது. 1980 இல் டகாவ் முகாம் வளாகத்தில் சின்டி மக்கள் உண்ணாவிரதம் இருந்தனர். அதன் பின்னரே, 1982 இல், நடந்தது இனப்படுகொலை என்பதைப் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் ஏற்றுக்கொண்டார்.

இச்சொல்லைக் கைவிட வேண்டுமென அவ்வாண்டில் உருவான சின்டி, ரோமா மத்திய சபை வலியுறுத்தி வருகின்றது. எனினும், அச்சமூகத்தினுள்ளேயே மாற்றுக் கருத்தும் உண்டு. சின்டி, ரோமா என்ற இரு பெயர்களும் ஏனைய பிரிவினரை உள்ளடக்குவதில்லை என்பது சிலரது வாதம். அவுஷ்விட்ஸிலிருந்து உயிர் தப்பிய பிலோமினா பிரான்ஸ் 1985 இல் வெளியிட்ட தமது சுயசரிதையின் தலைப்பிலேயே இச்சொல்லை வைத்திருந்தார். 2012 இல் பேர்லினில் திறந்து வைக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் பணிகள் தாமதமானமைக்கு இச்சொல் குறித்த பிணக்கும் ஒரு காரணமாகும்.

பாதிக்கப்பட்டவர் தம்மைக் குறிக்க இச்சொல்லைத் தெரிவு செய்வது அவரது உரிமை. அதனைக் காரணங்காட்டி, பிறரும் அவ்வாறே அழைக்கலாம் என வாதிடுவது பொருந்தாது. 2020 இல் பிரபல உணவு நிறுவனமொன்று தனது சுவைச்சாற்றின் பெயரிலிருந்து இச்சொல்லை நீக்கியபோது, தீய நோக்கமின்றிப் பழகிய பெயரை ஏன் மாற்ற வேண்டுமெனப் பலர் முணுமுணுத்தனர். சொல்பவருக்கு அது வெறும் பழக்கமாக இருக்கலாம். கேட்பவருக்கோ அது பாட்டனாரின் கையிலிருந்த இலக்கத்தை நினைவூட்டுகின்றது.

அதேவேளை, 1953 இன் அனுபவம் கற்பிக்கும் பாடத்தையும் மறந்துவிடலாகாது. சொல் மாறியது, பொலிஸாரின் கோவை மாறவில்லை. வீடு, கல்வி, தொழில் ஆகியவற்றில் பாரபட்சம் நீடிக்குமாயின் புதிய பெயரும் நாளடைவில் வசைச் சொல்லாகிவிடும். தமிழில் எழுதும் நாமும், ஐரோப்பாவில் பெரும்பாலும் நிலையாகக் குடியிருக்கும் இம்மக்களை நாடோடிகள் என எழுதுவதைத் தவிர்த்து, ரோமா என்றே குறிப்பிடுவது தகும். பெயரை மதிப்பது நீதியின் முதற்படி மாத்திரமே என்பதை இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.