எரிக்கத்தானா தைல மரம்?

திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு விறகு ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் தோல் உரிந்து வழவழவென்று கிடக்கும் தைல மரத்தைக் காட்டி, 'இதுல ஒரு கதவு செய்ய முடியாதா?' என்று எந்த ஆசாரியை வேண்டுமானாலும் கேளுங்கள். 'அட போங்க சார்! முறுக்கிக்கும், வெடிச்சுடும், ஆணி இறங்காது. விறகுக்குத்தான் லாயக்கு' என்பார்.

பழி மரத்தின் மேல். குற்றம் நம் மேல்.

நீலகிரிக்கு 1843-ல் வந்தது யூகலிப்டஸ். பிறகு தோட்டம் தோட்டமாக நட்டார்கள், விறகுக்காக. அன்று ஒட்டிய லேபிளை நாம் இன்னும் கிழிக்கவில்லை. வெள்ளைக்காரருக்கோ மரத்தின் மதிப்பு தெரியும். இதே குடும்பத்து 'ஜாரா' மரத்தை மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் ஏற்றி வந்து இந்திய ரயில் பாதைகளுக்கு அடிக்கட்டையாகப் போட்டார். லண்டன் தெருக்களில் கல்லுக்குப் பதிலாகப் பாவினார். இன்று 'டாஸ்மேனியன் ஓக்' என்ற பெயரில் விற்கும் பலகை இருக்கிறதே, அது ஓக் இல்லை. மூன்று யூகலிப்டஸ் வகைகளுக்கு வைத்த வியாபாரப் பெயர்!

ஆசாரி சொல்வது பொய்யா? இல்லை. நிற்கும்போதே இந்த மரத்தின் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டும், உள்பக்கம் அழுந்திக்கொண்டும் இருக்கும். அறுத்ததும் அந்த இழுவிசை விடுபட்டுப் பலகை வளைகிறது. அவசரமாக வெயிலில் போட்டால் நுனி வெடிக்கிறது. ஈரம் வேகமாக வெளியேறினால் உள்ளே குழிந்து சுருங்குகிறது.

மருந்தும் உண்டு. ஒரே பக்கமாக அறுக்காமல் கட்டையைத் திருப்பித் திருப்பி இரு பக்கமும் சமமாக அறுக்க வேண்டும். நுனியில் மெழுகோ பெயின்ட்டோ பூச வேண்டும். நிழலில், இடையிடையே குறுக்குச் சட்டம் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, பொறுமையாகக் காயவிட வேண்டும். பூச்சி அரிக்கும் வெளி வெள்ளையைக் கழித்துவிட வேண்டும். ஆணி அடிக்கும் முன் துளை போட வேண்டும். அவ்வளவுதான்.

இதெல்லாம் திருப்பூருக்குப் புதுசா என்ன? பனியனின் சைடு தையல் முன்பக்கம் திருகினால், துணியையா எரிக்கிறீர்கள்? 'நூல் முறுக்கு' என்று காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்கிறீர்கள். கட்டிங்குக்கு முன் துணியை விரித்து ஆறவிடுகிறீர்கள். சுருக்கம் போக ஆவி காட்டிக் கம்பாக்டிங் செய்கிறீர்கள். துணிக்கு இருக்கும் பொறுமை மரத்துக்கு மட்டும் ஏன் இல்லை?

பெரிய வேடிக்கையைக் கேளுங்கள். உள்ளே குழிந்து சுருங்கிய யூகலிப்டஸ் பலகையைச் சுமார் 100 டிகிரி நீராவியில் சில மணி நேரம் வைத்தால், பெருமளவு பழைய வடிவத்துக்கு மீள்கிறது. ஆஸ்திரேலிய மில்களில் இது பழைய வித்தை. ஆவியில் தேற வேண்டிய மரத்தை, ஆவி உண்டாக்குவதற்காக எரிக்கிற ஊர் நம்முடையது!

'தண்ணீரை உறிஞ்சும் மரத்துக்கு வக்காலத்தா?' என்று கோபப்படாதீர்கள். சோலைக்காட்டிலும் புல்வெளியிலும் இதற்கு இடமில்லை. அங்கே வெட்டி எடுப்பதே நியாயம். புதிதாக நடச் சொல்லவும் இல்லை. ஏற்கெனவே தண்ணீர் குடித்து வளர்ந்துவிட்ட மரத்தைச் சாம்பலாக்குவதில் என்ன புண்ணியம் என்றுதான் கேட்கிறேன். குடித்த தண்ணீருக்காவது அது ஐம்பது வருஷம் கதவாக நிற்க வேண்டாமா?

இழப்பு யாருக்கு? விவசாயிக்குத்தான். நாலைந்து வருஷத்தில் வெட்டி டன் கணக்கில் விற்கிறார். பதினைந்து, இருபது வருஷம் நிற்கவிட்டு வைரம் பாய்ந்த பிறகு கன அடிக் கணக்கில் விற்கலாமே என்று அவரிடம் சொல்ல ஆளில்லை. சொன்னாலும், முறையாக அறுத்துத் தர மில் இல்லை. வாங்க நீங்கள் இல்லை. நீங்களோ கடல் தாண்டி வந்த பலகையைக் கன அடிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்!

அடுத்த முறை வீட்டுக்கு ஜன்னல் போடும்போது, 'தைல மரத்துல பலகை கிடைக்குமா?' என்று மர மில்லில் ஒரு வார்த்தை கேளுங்கள். சிரிப்பார்கள். பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் சிரிப்பு நிற்கும். நூறு பேர் கேட்டால் அறுக்கக் கற்றுக்கொள்வார்கள்.