சுமை ஒன்றுதான், துடிப்பும் ஒன்றா?

"காலையில் தூக்கியதும் இருபது கிலோ, சாயங்காலம் தூக்குவதும் இருபது கிலோ. அப்புறம் என்ன களைப்பு?"

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள் என்றில்லை, கூலிக்கு ஆள் வைக்கும் எந்த இடத்திலும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. கேட்பவருக்கு எடைக்கணக்கு தெரியும். இதயக்கணக்கு தெரியாது!

இதயத்தின் வேகத்தில் மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. மூளை பார்ப்பது கிலோவை அல்ல, முயற்சியை. கோபன்ஹேகனில் கிரோக், லிண்ட்ஹார்ட் இருவரும் 1913-லேயே கவனித்தார்கள்: உழைக்கத் தொடங்கிய உடனே நாடி எகிறுகிறது. தசையிலிருந்து ரத்தம் வழியாகச் செய்தி வந்து சேர நேரமே இல்லை. கையை அசைக்கச் சொல்லும் மூளையே, இதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியையும் தளர்த்துகிறது.

பின்னாளைய ஆய்வுகளில் மருந்து கொடுத்துத் தசையைப் பலவீனமாக்கினார்கள். அழுத்திய விசை அதேதான். முயற்சி கூடியது, நாடித்துடிப்பும் கூடியது. களைத்த கையும் அப்படித்தான். மாலையில் அதே பெட்டியைத் தூக்க மூளை இன்னும் பலமாக உத்தரவு போட வேண்டும். சூளை வெக்கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்... உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்பியாக வேண்டும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. நல்லது. சூளை முன்னால் நிற்பவருக்கு மார்கழியிலும் வெப்ப அலைதானே?

ஓய்வு என்பது முதலாளி போடும் பிச்சை இல்லை. உற்பத்திச் செலவில் சேர வேண்டிய கணக்கு. எந்திரத்துக்கு வருடாவருடம் தேய்மானம் எழுதுகிறவர்கள், மனுஷ இதயத்துக்கு மட்டும் எழுத மாட்டார்களாம். என்ன நியாயம் சார் இது?