குடியை விட்டவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்?
வீட்டிலேயே செய்யலாம், கருப்பட்டிப் பால் சோடா

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு. மணி 9.

கீழே பெண்கள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் ஆண்கள் கூட்டம். ஓரமாக ஒரு மேஜை. அதன் மேல் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கல்யாண வீட்டிலும் இப்போது அது இருக்கிறது.

என் சொந்தக்காரர் ஒருவர் படி ஏறி வந்தார். வயது 45. பதினைந்து வருஷம் குடித்தவர். குடியை விட்டு 7 மாதம் ஆகியிருந்தது. அந்த 7 மாதத்தை எப்படித் தள்ளினார் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும்.

"வாங்க மாப்பிள்ளை! உங்களுக்கு எது?" என்று கேட்டார், பெண் வீட்டு மாமா ஒருவர்.

"எனக்கு வேண்டாம் மாமா. விட்டுட்டேன்."

மாமா ஒரு விநாடி விழித்தார். பிறகு ஒரு பையனைக் கூப்பிட்டார். கீழே குழந்தைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்த ஆரஞ்சு கலர் ஒரு காகிதக் கப்பில் வந்தது.

"பாப்பாவுக்குக் கலர் வந்தாச்சு!" என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கப்பை மாடிச் சுவர் மேல் வைத்தார். சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

அவர் மனைவி பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். கணவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். எங்கே போயிருப்பாரோ என்ற பயம்! நல்ல வேளை, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

யார் குற்றம்?

மாமா கெட்டவர் இல்லை. கேலி செய்தவரும் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மேஜையைப் பாருங்கள். குடிக்கிறவருக்குக் கண்ணாடி டம்ளர். ஐஸ். வறுத்த முந்திரி. "இன்னும் கொஞ்சம்?" என்ற உபசாரம். குடிக்காதவருக்கோ காகிதக் கப்பில் குழந்தைகள் குடித்து மிஞ்சிய கலர்.

விருந்து வைக்கிறவர்களைக் கேட்கிறோம். உங்கள் வீட்டில் "வேண்டாம்" என்று சொல்லுகிற மனிதருக்கு ஏன் இந்தத் தண்டனை? அவருக்கும் ஒரு நல்ல பானம் வேண்டும். நல்ல டம்ளரில் வேண்டும். அவர் கேட்பதற்கு முன்பே வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பெரியவர்களின் நாக்கு வேறு. வெறும் தித்திப்பு அவர்களுக்குப் போதாது. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் புகை, கொஞ்சம் காரம், தொண்டையில் ஒரு சுறுக். இது இருந்தால் டம்ளரைக் கீழே வைக்க மாட்டார்கள்.

"புகை மணமா? அது விஸ்கியில் அல்லவா இருக்கும்?" என்று சிலர் கேட்பார்கள். ஸ்காட்லாந்தில் ஐலா என்று ஒரு தீவு. அங்கே சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள். விஸ்கியின் புகை வாசனை அங்கிருந்து வருகிறது. சரக்கில் இருந்து அல்ல, அடுப்பில் இருந்து! சீனாவில் வூயி மலைப் பக்கம் தேயிலையைப் பைன் விறகுப் புகையில் காயவைக்கிறார்கள். லாப்சாங் சூச்சோங் என்று பெயர். புகை மணக்கும் அந்த டீயில் ஒரு சொட்டுப் போதையும் இல்லை.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊர்க் கருப்பட்டியை மோந்து பாருங்கள்.

ஒரே பனை, ஒரே பானை

பனைமரத்தின் பாளையைச் சீவிப் பானையைக் கட்டுகிறார்கள். பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது. அது பதநீர். சுண்ணாம்பு இல்லை என்றால் புளிக்கத் தொடங்கிவிடும். அது கள். ஒரே மரம். ஒரே மனிதர் ஏறுகிறார். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்.

பதநீரை விறகடுப்பில் காய்ச்சுவார்கள். பனை ஓலையும் மட்டையும் எரியும். சாறு சுண்டிப் பாகாகும். அதைச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. அடுப்புப் புகையும் காய்ந்த பாகின் லேசான கசப்பும் அதற்குள்ளேயே இருக்கும். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனை ஏறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அதனால் நல்ல கருப்பட்டி மலிவாகக் கிடைக்காது. மலிவாகக் கிடைத்தால் சர்க்கரை கலந்ததாக இருக்கலாம். கலப்படக் கருப்பட்டியில் இனிப்பு இருக்கும், அந்தப் புகை வாசனை மட்டுப்பட்டுவிடும்.

பீர் தொட்டி மேல் பிறந்த சோடா

சோடாவின் கதை இதைவிட வேடிக்கை.

இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊர். ஆண்டு 1767. ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் அங்கே குடியிருந்தார். பக்கத்தில் பீர் காய்ச்சும் இடம். பொங்கும் பீர் தொட்டியின் மேல் ஒரு வாயு தேங்கி நிற்பதை அவர் கண்டார். கரியமில வாயு! அந்த வாயுவுக்குள் கையை நீட்டி, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். தண்ணீர் சுறுசுறு என்று மாறியது. அதுதான் சோடாவின் தொடக்கம். 1772-ல் செய்முறையைச் சிறு புத்தகமாகவே போட்டார். 1783-ல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் என்பவர் அதை வியாபாரமாக்கினார். 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கோலிக்குண்டு வைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் கோலி சோடாவின் தாத்தா அவர்.

ஆக, சோடா பிறந்தது பீர் தொட்டியின் மேல். ஆனால் தொட்டியின் போதை அதற்கு ஒட்டவில்லை.

பாலில் சோடாவா என்று முகம் சுளிக்காதீர்கள். பஞ்சாபில் தூத் சோடா என்று வெயில் காலத்தில் பாலும் சோடாவும் கலந்து குடிக்கிறார்கள். லாகூரிலும் அப்படியே. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 'எக் கிரீம்' என்று ஒரு பானம் பிரசித்தம். பெயரில் முட்டை உண்டு, கிரீம் உண்டு. டம்ளரில் இரண்டும் கிடையாது! பால், சாக்லேட் பாகு, சோடா. அவ்வளவுதான்.

செய்வது எப்படி?

தாய்மார்களே, 5 டம்ளருக்குக் கணக்குச் சொல்கிறேன்.

கருப்பட்டி 100 கிராம். தட்டிப் போட்டு, 100 மி.லி. தண்ணீர் விட்டுக் கரையுங்கள். கட்டாயம் வடிகட்டுங்கள். மண்ணும் தூசியும் இருக்கும். மறுபடி அடுப்பில் வைத்து, கால் தேக்கரண்டி சுக்குத் தூள், 2 ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சில நிமிஷம் கொதிக்கவிடுங்கள். 125 மி.லி. அளவுக்குச் சுண்டினால் போதும். ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். சுக்குதான் போட வேண்டும். பச்சை இஞ்சி போட்டால் பால் திரியும்.

அரை லிட்டர் கொழுப்புள்ள பாலை அடிப்பிடிக்காமல் காய்ச்சி 300 மி.லி. ஆக்குங்கள். ஆறவிடுங்கள். இனிமேல்தான் புகை.

வடநாட்டில் இந்த முறைக்குத் துங்கார் என்று பெயர். அகலமான பாத்திரத்தில் பாலை ஊற்றுங்கள். நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் இன்னொரு எவர்சில்வர் கிண்ணத்தை நிறுத்துங்கள். விறகுக் கரி அல்லது சிரட்டைக் கரி ஒரு துண்டு எடுத்துச் சிவக்கச் சுடவையுங்கள். இடுக்கியால் எடுத்து மேல் கிண்ணத்தில் போடுங்கள். அதன் மேல் நாலு சொட்டு நெய். குபுகுபு என்று புகை வரும். உடனே மூடி போடுங்கள். 3 நிமிஷம். அதற்கு மேல் வைத்தால் பால் கசக்கும். நான் முதல் தடவை 10 நிமிஷம் வைத்தேன். ரயில் இஞ்சினைக் குடித்த மாதிரி இருந்தது.

பாலில் ஏன் புகை போடுகிறோம்? புகையின் மணம் கொழுப்பில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் அவ்வளவு நிற்காது. புகை போட்ட பாலையும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சோடாவும் அங்கேயே இருக்கட்டும். சூடான சோடாவில் வாயு நிற்காது.

விருந்தினர் உட்கார்ந்த பிறகு கலக்குங்கள். ஒரு டம்ளருக்குப் பாகு 5 தேக்கரண்டி. பால் 60 மி.லி. இரண்டையும் கலக்கி, ஐஸ் 2 துண்டு போடுங்கள். சோடா 120 மி.லி. எடுத்து, டம்ளரின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டால் நுரை பொங்கி மேஜை நனையும். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். அதுதான் அழகு. உடனே குடிக்க வேண்டும். சோடாவில் லேசான புளிப்பு உண்டு. நேரம் ஆனால் பால் திரிதிரியாகப் போகும். எலுமிச்சம்பழம் பக்கத்திலேயே வரக் கூடாது.

பால் ஆகாதவர்களுக்குத் தேங்காயின் முதல் பால் எடுத்து இதே மாதிரி செய்யலாம். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் ருசி.

சோடாவையும் வீட்டில் செய்யலாமா? வாயு உருளை வைத்த சோடா இயந்திரம் இருந்தால் செய்யுங்கள். ஈஸ்ட் போட்டுப் பாட்டிலில் அடைத்துப் புளிக்கவைக்கும் வேலை மட்டும் வேண்டாம். பாட்டில் வெடிக்கும். கொஞ்சம் சாராயமும் ஊறிவிடும். யாருக்காக இதைச் செய்கிறோமோ அவருக்கே அது கேடு.

கவனம் தேவை

கரியைச் சுடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். அடைத்த அறையில் கரி எரிந்தால் விஷ வாயு உண்டாகும். புகை உடம்புக்கு மருந்தும் அல்ல. விருந்து நாளோடு நிறுத்துங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். இந்த ஒரு டம்ளரில் சுமார் 20 கிராம் கருப்பட்டி இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில கடைகளில் டம்ளரில் வெண்புகை பறக்கவிடுகிறார்களே, அது வேறு. அது திரவ நைட்ரஜன். சைபருக்குக் கீழே 196 டிகிரி குளிர்! 2012-ல் இங்கிலாந்தில் ஒரு பெண் தன் 18-வது பிறந்த நாளில் அப்படி ஒரு பானம் குடித்தாள். வயிறு ஓட்டையாகி, இரைப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையும் 2024-ல் இது பற்றி எச்சரித்தது. குழந்தை அழுதாலும் வாங்கித் தராதீர்கள்.

குடியை விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல வருஷம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும். சிலருக்கு வலிப்பே வரும். உயிருக்கும் ஆபத்து. டாக்டரிடம் போய்விட்டு நிறுத்துங்கள். சோடா குடித்துச் சரிக்கட்ட முடியாது.

சிலருக்குப் புகை வாசனையே பழைய ஞாபகத்தைக் கிளப்பிவிடும். ஆகையால் முன்கூட்டியே அவரைத் தனியாகக் கேளுங்கள். பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள்.

போன மாதம் எங்கள் வீட்டில் காதுகுத்து. என் அத்தை அப்படித்தான் கேட்டார். சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, "தம்பி, பாலுக்குக் கரிப்புகை போடப் போறேன். உனக்கு இருக்கட்டுமா, வேண்டாமா?" என்றார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கருப்பட்டி வாசனை போதும் அக்கா. கரி வேண்டாம்" என்றார்.

அவர் பங்குப் பாலை அத்தை தனியாக எடுத்து வைத்தார். கூடத்தில் முதல் டம்ளர் அவர் கைக்குத்தான் போனது. கண்ணாடி டம்ளர். மேலே நுரை. மாடிக்குப் போவதற்காக எழுந்த அந்தக் கல்யாண வீட்டு மாமா, டம்ளரைப் பார்த்து நின்றார்.

"அது என்ன மாப்பிள்ளை?"

"உட்காருங்க மாமா. சொல்றேன்."

மாமா உட்கார்ந்தார். 5 டம்ளர் கணக்கு அன்று 20 டம்ளர் ஆயிற்று. சோடா தீர்ந்து, பையனை இரண்டு தடவை கடைக்கு ஓட்டினோம். கரி போட்ட கிண்ணத்தை மட்டும் அத்தை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கறை போகவில்லையாம்.