பட்டன் இருக்கு... பிடிமானம் இருக்கா?

ஐப்பசி மழை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதை. தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போக, மனைவியையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு அவர் கோவைக்குக் கிளம்பியிருந்தார். பர்லியாறுக்குச் சற்று முன்பாக ஒரு வளைவில், எதிரே அரசுப் பேருந்து ஏறி வந்தது. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலைப்பாதையின் விதி. அவர் பிரேக்கை மிதித்தார்.

முன்பக்கம் நின்றது. பின்பக்கம் நிற்கவில்லை. பள்ளத்தை ஒட்டிய தடுப்புச் சுவர் பக்கமாக ஓர் அடி தூரம் வழுக்கிக்கொண்டு போய், பிறகுதான் நின்றது.

பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகள் விழித்து, "என்னப்பா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, தூங்கு."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்ததை மனைவி பார்த்தார். வேகம் முப்பதுகூட இல்லை. அவர் கவனக்குறைவாகவும் ஓட்டவில்லை. பிறகு ஏன் வழுக்கியது?

வீட்டுக்கு வந்ததும் மாமனார் டார்ச் லைட்டோடு வண்டியைச் சுற்றி வந்தார். "பட்டன் நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை? முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு. பண்டிகைச் செலவு வேற இருக்கு. பொங்கல் கழிச்சு மாத்திக்கலாம்."

"இல்ல மாமா, நாளைக்கே ஒருதரம் காட்டிடலாம்" என்றார் மருமகன். "திரும்பி மேல ஏறணுமே" என்றார் மகள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மாமனார் மறுபேச்சு பேசவில்லை.

நாலு எண்ணில் இருக்கிறது ஜாதகம்

மறுநாள் காலை டயர் கடை. முப்பது வருடமாகத் தொழிலில் இருக்கும் கடைக்காரர், பட்டனைப் பார்ப்பதற்கு முன்பே டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தார்.

"இங்க பாருங்க அம்மிணி. நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்குதுங்களா? 1118. அப்படின்னா 2018-ம் வருஷம், பதினொண்ணாவது வாரம் செஞ்ச டயருங்க."

வண்டி வாங்கியபோது வந்த டயர்கள் அவை. இரண்டு வருடத்துக்கு முன்பு முன்பக்க டயர்கள் தேய்ந்ததால் வேறொரு கடையில் இரண்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். அவற்றில் 2823 என்று இருந்தது. அதாவது 2023-ம் ஆண்டின் 28-வது வாரம். பின்னால் இருந்தவை ஏழு வருடப் பழசு. பட்டன் இருந்தது. ஆனால் பள்ளங்களுக்குள் மெல்லிய வெடிப்புகள். கடைக்காரர் நகத்தால் அழுத்திப் பார்த்தார். ரப்பர் போல இல்லை, காய்ந்த தோல் போல இருந்தது.

ரப்பர், ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும் பொருள். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அதன் நெகிழ்வு போய்விடும். ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுக்கு ஒருமுறை கடையில் காட்டிப் பரிசோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆகிவிட்டால் பார்வைக்கு எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது பெரிய டயர் நிறுவனங்கள் பல சொல்லும் கணக்கு. வெயில் கொளுத்தும் நம் ஊரில் அந்தப் பத்து வருடத்தை நம்பிக் காத்திருக்க முடியாது. குறைவாக ஓடும் கார்களில்தான் இந்த ஆபத்து அதிகம். பட்டன் தேயாததால் யாரும் டயரைக் கவனிப்பதில்லை.

புதுசு முன்னாலயா, பின்னாலயா?

"இன்னொரு தப்பும் நடந்திருக்குதுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கின புது டயரை முன்னால போட்டுட்டாங்க."

"இன்ஜின் முன்னால இருக்கு, ஸ்டீயரிங் முன்னால இருக்கு. புதுசு முன்னால இருக்கறதுதானே சரி அண்ணா?" என்று கேட்டார் கணவர்.

பெரும்பாலானவர்கள் நினைப்பதும் அதுதான். ஆனால் இரண்டு டயர்கள் மட்டும் மாற்றினால், புதியவற்றைப் பின்னால் போடச் சொல்கின்றன டயர் நிறுவனங்கள். காரணம் எளிமையானது. ஈரத்தில் முன்டயர் வழுக்கினால், வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். பின்டயர் வழுக்கினால் வண்டியின் பின்புறம் சுற்றிக்கொண்டு வரும். அதைச் சமாளிக்கச் சாதாரண ஓட்டுநரால் முடியாது.

இறக்கத்தில் இது இன்னும் மோசம். பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்பக்கம் லேசாகிறது. அங்கே ரப்பரும் இறுகிப்போயிருந்தால், பர்லியாறு வளைவில் நடந்ததுதான் நடக்கும்.

"ஏபிஎஸ் இருக்கே அண்ணா?"

"அது சக்கரம் இறுகிப் பூட்டிக்காமப் பார்த்துக்கும். ரோட்டைப் பிடிக்கறது டயர்தானுங்க."

ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை, அதற்குள் ஒரு குடும்பம். எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் போகிறது.

டொராண்டோ தம்பியின் யோசனை

வீட்டம்மாவின் தம்பி டொராண்டோவில் இருக்கிறார். முந்தின இரவே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அக்கா, ஊட்டி குளிர், கோயமுத்தூர் வெயில், சென்னை மழைன்னு ஓட்டறீங்க. ஆல் சீசன் டயரா கேட்டு வாங்குங்க. மலையும் பனித்துகளும் போட்ட குறி இருக்கான்னு பாருங்க."

அவர் ஊருக்கு அது சரியான யோசனை. கனடாவில் கோடைக்கு ஒரு டயர், பனிக்காலத்துக்கு ஒரு டயர் என்று மாற்றுவது வழக்கம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பிடிமானம் குறையத் தொடங்கும் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. அதனால் பனிக்கால டயருக்கு, குளிரிலும் இறுகாத மென்மையான ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதே மென்மை, சித்திரை வெயிலில் எதிரியாகிவிடும். சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும்.

'எம் ப்ளஸ் எஸ்' என்று ஒரு குறியும் சில டயர்களில் இருக்கும். சேறு, பனி இரண்டுக்கும் என்று அதற்குப் பொருள். பட்டனின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி அது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் இருந்தால்தான், பனியில் ஓட்டிச் சோதித்த டயர் என்று பொருள்.

ஊட்டியில் தை மாதக் காலைகளில் புல்வெளியில் உறைபனி விழுவது உண்மைதான். ஆனால் வெயில் ஏறினால் அது போய்விடும். சாலையில் அடி கனத்துக்குப் பனி கிடப்பதில்லை. தமிழ்நாட்டு வண்டிக்குப் பனிக்கால டயர் வேண்டாம். இங்கே நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண கார் டயரே வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பச் செய்யப்பட்டதுதான். அதற்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

"அப்போ, பெரிய பெரிய பட்டன் வெச்ச ஜீப் டயர்?" என்று ஆசையோடு கேட்டார் கணவர்.

"மண்ரோட்டுல எஸ்டேட்டுக்குப் போறவங்களுக்கு அது சரிங்க. தார்ரோட்டுல சத்தம் வரும், மைலேஜ் குறையும். ஈரத் தார்ல பிடிமானமும் பொதுவா கம்மிதானுங்க."

டயரைப் படிக்கத் தெரிந்தால் போதும்

அவர்கள் வண்டியின் டயரில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தது. கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்ல, வீட்டம்மா போனில் குறித்துக்கொண்டார்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்றால், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 65 சதவிகிதம். ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது வீலின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது எடைக்கான குறியீடு; ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லைதான். ஆனால் எடைக் குறியீடும் வேகக் குறியீடும், வண்டி நிறுவனம் சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. அளவையும் அழகுக்காக மாற்ற வேண்டாம். டயரின் மொத்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டரே தப்புக் கணக்குக் காட்டும்.

பல டயர்களில் இன்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். டிராக்‌ஷன் என்பது ஈரத்தில் பிரேக் பிடிக்கும் திறன். ஏஏ முதலிடம், அடுத்து ஏ, பி, சி. டெம்பரேச்சர் என்பது சூட்டைத் தாங்கும் திறன். அதில் ஏ முதலிடம். அக்னி நட்சத்திரத்தில் சென்னைக்கு நெடுஞ்சாலையில் ஓடி, ஐப்பசியில் மலையிறங்கும் வண்டிக்கு இந்த இரண்டும் ஏ-வுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. தண்ணீர் வெளியேற அகலமான நீளவாக்குப் பள்ளங்கள் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆயிரம் ரூபாய் ஆசை

பையன் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, இது ஆஃபர்ல இருக்கு. ஒரு டயருக்கு ஆயிரம் ரூபா கம்மி."

அவர் குனிந்து நாலு எண்ணைப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய தயாரிப்பு. நேற்றுவரை அந்த எண் இருப்பதே அவருக்குத் தெரியாது. "தம்பி, இந்த வருஷத்து டயர் இருந்தா காட்டுங்க" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே கை காட்டினார்.

நிழலில் வைத்த டயர் வெயிலில் கிடந்ததுபோல் கெடாது. ஆனாலும் காலம் ஓடத்தான் செய்யும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து மூன்று வருடத்தை இழப்பது, வருடத்துக்குக் குறைவாகவே ஓடும் இவர்கள் வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

முடிவில் இரண்டு புது டயர்கள், பின்பக்கத்துக்கு. முன்னால் இருந்தவை நல்ல நிலையில் இருந்ததால் அப்படியே விட்டார்கள். வீல் பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம். "நாலும் மாத்தணும்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்" என்றார் மாமனார். "தேவையில்லாததை மாத்தச் சொன்னா, அடுத்த தடவ நீங்க வர மாட்டீங்களே" என்றார் கடைக்காரர்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் காட்டினார். அதுவும் 2018. ஒருநாள்கூட ஓடாதது. "பஞ்சரானா பக்கத்துக் கடை வரைக்கும் மெதுவா போறதுக்கு மட்டும் வெச்சுக்குங்க. இதை மாட்டிக்கிட்டு மலை ஏறாதீங்க. அடுத்த வருஷம் இதையும் மாத்திடுங்க."

காற்று: காசில்லாத பாதுகாப்பு

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், காற்று சரியில்லையென்றால் எல்லாம் வீண். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது பலரும் நம்பும் தவறு. காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கும், மடங்க மடங்கச் சூடாகும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது முக்கியக் காரணம். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. காலையில், வண்டி ஓடும் முன் பார்ப்பதே சரியான அளவு. நைட்ரஜன் கட்டாயமில்லை. நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்.

போனில் சேமித்துக்கொள்ள...

* நாலு எண்ணைப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கொரு முறை கடையில் காட்டுங்கள்.

* பட்டனின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆகிவிட்டால், சட்டப்படி அந்த டயர் ஓடக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு பட்டனுக்குச் சமமாகிவிட்டதா என்று பார்த்தாலே தெரியும். மலையிலும் மழையிலும் ஓட்டுகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது.

* இரண்டு மட்டும் மாற்றினால், புதியவை பின்னால்.

* நாலும் ஒரே சமயம் வாங்கியிருந்தால், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள்.

* மாதம் ஒருமுறை காற்று. ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

* புது டயர் போட்டதும் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானம். அதன் மேற்பரப்பு கொஞ்சம் தேய்ந்த பிறகே முழுப் பிடிமானம் வரும்.

தீபாவளி முடிந்து அவர்கள் மலை ஏறிய அன்றும் மழைதான். பர்லியாறு தாண்டி அதே வளைவு. இந்த முறை ஏறுகிற வண்டி இவர்களுடையது. மேலேயிருந்து வந்த ஒரு கார் ஒதுங்கி நின்று வழி விட்டது. அதைக் கடக்கும்போது, வீட்டம்மா தன்னையறியாமல் அந்தக் காரின் பின்டயரைப் பார்த்தார்.