தொழுநோய்க்கு மாத்திரை இருக்கிறது, பரிசோதனை எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டுபிடித்தது 1873-ல். 150 ஆண்டுகள் தாண்டிவிட்டன. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-ல். மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் 6 மாதத்திலோ 12 மாதத்திலோ நோய் குணமாகிவிடும். ஆனால், நோய் வெளியே தெரியும் முன்பே சொல்லிவிடுகிற நம்பகமான ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் இன்றுவரை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரவில்லை.

இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். காது மடலில் சிறு கீறல் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் உண்டு. கிருமி குறைவாக உள்ள வகையில் அதில் ஒன்றும் தெரியாது. உணர்ச்சி போய்விட்டது என்றாலே நரம்பு கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மாத்திரை கிருமியைக் கொல்லும். மடங்கிப்போன விரலை நிமிர்த்தாது.

"2005-லேயே ஒழித்துவிட்டோமே சார்?" என்று கேட்பீர்கள். 10,000 பேரில் ஒருவருக்கும் கீழே வந்தது என்பதுதான் அந்த அறிவிப்பின் பொருள். இன்றும் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் புதிய நோயாளிகள். உலகக் கணக்கில் பாதிக்கு மேல் நாம்தான். அதில் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு வந்தால், அருகிலேயே யாரிடமிருந்தோ கிருமி இப்போதும் பரவுகிறது என்று பொருள். அந்த ஆள் யார் என்று காட்டத்தான் பரிசோதனை வேண்டும்.

வேலை கடினம்தான், மறுக்கவில்லை. இந்தக் கிருமி ஆய்வகத் தட்டில் வளராது. உடம்பில் புகுந்து நோயாகத் தெரிய சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். ஆனால் 2020-ல் கொரோனாவுக்குச் சில வாரங்களில் பரிசோதனை வந்ததே! அது பணக்காரனையும் தொட்டது. இது ஏழையோடு நின்றுவிட்டது. லாபம் இல்லாத பொருளைக் கம்பெனிகள் தேடிப்போய்ச் செய்யாது. அதனால் அரசுதான் ஆராய்ச்சிக்குப் பணம் போட்டு, "செய்து கொடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்று உறுதியும் தர வேண்டும். விரல் நுனி ரத்தம் போதும், குளிர்பெட்டி வேண்டாம், கிராம சுகாதார செவிலியரே பார்த்துச் சொல்லலாம் என்ற அளவுக்கு அது எளிமையாக இருக்க வேண்டும்.

அதுவரை நம் கண்தான் பரிசோதனைக் கருவி. பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகளே, பிள்ளைகளின் முகத்தையும் கையையும் தினமும் பார்ப்பவர்கள் நீங்கள். அரிக்காத, உணர்ச்சி இல்லாத தேமல் கண்ணில் பட்டால், வகுப்பில் நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். பெற்றோரைத் தனியாக அழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளையின் கை பிழைக்கும்.