காயாம்பூவும் கொரியன் புல்லும்

மண்ணாடிப்பட்டுப் பக்கத்தில் என் நண்பர் ஒருவர் தம் பூர்வீக மனையில் 'தியானத் தோட்டம்' போட்டிருக்கிறார். வந்து பார்த்து நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றார். எழுதுகிறேன், ஆனால் அவர் எதிர்பார்த்த வார்த்தைகள் அல்ல.

மனை முழுவதும் கொரியன் புல். ஓரங்களில் லாரியில் வந்திறங்கிய அலங்காரப் பனைகள். நடுவே சிமெண்டுப் புத்தர். எதிரே பளிங்குப் பெஞ்சு. காலை பத்து மணிக்கு அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தும்விட்டேன். அவ்வளவு சூடு! புல் கருகாமலிருக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. புல் வெட்டும் அம்மாள்தான் புத்திசாலி. மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள்.

"இங்கிருந்த ஓட்டு வீடு என்னவாயிற்று?" என்றேன்.

"இடித்து விற்றாயிற்று, ஸார். தூண், ஓடு, திண்ணைக் கல் எல்லாம் சேர்த்து ஒரே விலை."

பாட்டனார் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாக்கிய கல்லை விற்றுவிட்டுச் சுடுகிற கல்லை வாங்கியிருக்கிறார்! இதற்குப் பெயர் தியானமா?

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இருக்கிறது. அதற்கு யாரும் திட்டம் வரைந்து கொடுக்கவில்லை. கோயில் காட்டில் சுள்ளி ஒடித்தால் சாமி பொறுக்காது என்ற பயமே வேலி. அங்கே காயா மரம் நிற்கிறது. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று வாய் நிறையச் சொல்கிறோம். காயாவைக் காட்டு என்றால் விழிக்கிறோம். அதன் நீலப் பூவைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

"உள்ளூர் மரம் வளர வருஷக்கணக்காகுமே, ஸார்" என்றார் நண்பர். ஆகட்டுமே! ஒரு மரத்துக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவருக்குத் தியானம் எதற்கு? 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு வெறும் செம்மண் பொட்டல். நட்டுவிட்டுக் காத்திருந்தார்கள், இன்று அது காடு.

ஐப்பசி மழைக்கு முன் காயா, வீரை, மகிழம், புன்னை நடுங்கள். முதல் சில கோடைகளுக்குக் குடத்துத் தண்ணீர் போதும். உடைந்த செங்கல்லையும் ஓட்டையும் சிமெண்டு பூசாமல் மண்ணில் பதித்து நடைபாதை போடுங்கள். மழைநீர் உள்ளே இறங்கும். திண்ணைக் கல் மிச்சமிருந்தால் நிழலில் போடுங்கள். பழைய கல்மேல் உள்ள ஆசையில் பாழடைந்த கோயிலில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

புத்தருக்கே ஒரு மரத்தடி தேவைப்பட்டது. நண்பரே, முதலில் அவரையாவது நிழலில் உட்கார வையுங்கள்.