வயசுப் பொண்ணை பாலைவனத்துக்கு அனுப்பலாமா?

என் மகள் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன், ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு வந்தாள். கல்விச் சுற்றுலாவாம். மாணவர்களுக்கு ஒன்பது நாள், ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கத்தில் உள்ள பாலைவன தேசிய பூங்கா. மாணவிகளுக்கு ஒரே நாள், ஒகேனக்கல். இரண்டு பேருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை. பயணம் மட்டும் ஏன் வேறு?

நாலு அம்மாக்கள் சேர்ந்து போய்க் கேட்டோம். 'நாங்க தயார் தாம்மா. ஆனா, கையெழுத்து போட மாட்டேன்னு சொல்றது நீங்க தானே?' என்றார் பேராசிரியர். சுருக்கென்று இருந்தது. காரணம், அவர் சொன்னது உண்மை. முந்தின வருஷம் ஏற்காடு முகாமுக்கே நான் கையெழுத்து போடவில்லை.

வீட்டில் சொன்னதும் பூகம்பம் தான். 'வயசுப் பொண்ண மணல் காட்டுக்கு அனுப்பறேன்றியே, புத்தி இருக்குதா உனக்கு?' என்றார் மாமியார். 'ஏன் அண்ணி, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்வீங்க?' என்றாள் நாத்தனார். என் வீட்டுக்காரரோ வாயே திறக்கவில்லை.

அப்போது தான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் சாமல்பட்டி சுற்றுவட்டாரத்திலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்கின்றனர். ராத்திரி ஷிப்டு, விடுதி வாசம் எல்லாம் உண்டு. நாத்தனார் மகளும் அங்கே தான் இருக்கிறாள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது என்றால், அந்த பயம் எங்கோ ஓடி விடுகிறது. படிப்புக்காக ஒன்பது நாள் என்றால் மட்டும் கவுரவம் வந்து குறுக்கே நிற்கிறதே, இது என்ன நியாயம்?

பெண் பேராசிரியை ஒருவர் கூட வருவதாக உறுதியானதும், ஆறு மாணவிகள் கிளம்பினர். என் மகளும் போனாள். திரும்பி வந்தவள் சொன்னதைக் கேட்டு, மாமியாரே உட்கார்ந்து கதை கேட்டார்.

அந்தப் பூங்கா 3,162 சதுர கி.மீ., பரப்பாம். எங்கு பார்த்தாலும் மணல்மேடு என்று தான் நான் நினைத்திருந்தேன். கல்தரையும், புல்வெளியும் தான் அதிகமாம். அந்தப் புல்வெளியில் வாழும் கானமயில், உலகத்திலேயே இருநூறுக்கும் குறைவாகத் தான் மிஞ்சி இருக்கிறது. தரையில் முட்டையிடும், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை தான். அடைகாப்பதும், வளர்ப்பதும் தாய் மட்டுமே. கனத்த உடம்பு, நேர் எதிரே சரியாகப் பார்வை தெரியாததால், பறக்கும்போது மின்கம்பியில் மோதிச் சாகிறது. காற்றாலை, சூரிய மின்சாரத்துக்காக இழுத்த கம்பிகள் அவை. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டு போகச் சொல்லி, 2021ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024ல் அதை மாற்றி நிபுணர் குழு அமைத்ததையும் மகள் விளக்கினாள். கரன்ட் போனால் எரிச்சலோடு புலம்பும் எனக்கு, அதற்கு ஒரு பறவை கொடுக்கும் விலை அன்று தான் தெரிந்தது.

நம் கோவில்களில் சுற்றி வந்து கும்பிடும் வன்னி மரம் தான் அங்கே 'கேஜ்ரி'யாம். அதைக் காக்க, 1730ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டிருக்கின்றனர். முதலில் மரத்தைக் கட்டிப் பிடித்து நின்றவர் அம்ரிதா தேவி என்ற குடும்பப் பெண். கூடவே அவருடைய மூன்று மகள்களும். இதைக் கேட்டு மாமியார் கண் கலங்கி விட்டார்.

அங்குள்ளவர்கள் மழைத் தண்ணீரை தரைக்கடியில் தொட்டி கட்டிச் சேர்த்து, மாதக்கணக்கில் குடிக்கின்றனராம். தமிழகத்தில் 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது போட்ட எங்கள் வீட்டுத் தொட்டி மண் மூடிக் கிடந்தது. மகள் வந்த மறு ஞாயிறு, அவளே மண்வெட்டி எடுத்து விட்டாள். அப்பாவும் கூடச் சேர்ந்து கொண்டார்!

தோழியரே, பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மகள் ஊர் திரும்பும் வரை எனக்கும் தூக்கம் இல்லை. ஆனால், 'வேண்டாம்' என்று சொல்வதற்கு முன், கேள்வி கேளுங்கள். பெண் ஆசிரியை வருகிறாரா, எங்கே தங்குகின்றனர், கழிப்பறை வசதி எப்படி, செலவு எவ்வளவு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது... இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கல்லூரிகளும், 'பெற்றோர் விட மாட்டார்கள்' என்று நம் மேல் பழி போட்டுத் தப்பிக்காமல், இந்த ஏற்பாடுகளை முதலிலேயே செய்யட்டும்.

நாம் போடாத கையெழுத்தால், எத்தனை பெண்களின் படிப்பு பாதியில் நிற்கிறதோ! கொஞ்சம் யோசிப்போமா?

— ஒரு வாசகி, சாமல்பட்டி.